ஊட்டுல ஒறம்பரை வந்திருக்குதுங்க

போன வருஷம் மே மாதம் என் அப்பா ஒரு தகரப் பெட்டி, ஒரு பை, ஒரு கம்பளி, ஒரு மங்கி குல்லாவோடு பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் இருக்கிற என் வீட்டுக்கு வந்து இறங்கினார். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது, மாடுகள் தென்னை நிழலை விட்டு நகர மாட்டேன் என்கின்றன, இவர் ஸ்வெட்டரைக்கூடக் கழற்றவில்லை. கேட்டால், "ஏறும்போது குளுந்துச்சுட்டி, பொறவு கழத்த மறந்துட்டேன்" என்றார். ஆறேழு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்தவருக்கு வேர்க்கவே இல்லையா? வேர்த்ததாம். காய்ச்சல் விடுகிறது என்று நினைத்துக்கொண்டாராம். இப்படிப்பட்ட மனிதரைத்தான் இனி என் வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன்.

அப்பா தேயிலை பாக்டரியில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்தவர். எங்கள் ஆட்கள் எந்தக் காலத்திலோ திருநெல்வேலிப் பக்கமிருந்து இடுக்கி மலைக்கு ஏறியவர்கள். நான் பிறந்தது, படித்தது, சண்டை போட்டது எல்லாம் எஸ்டேட் லயத்தில்தான். லயம் என்றால் வரிசையாக ஒட்டிக் கட்டிய கம்பெனி வீடுகள். வேலை இருக்கிற வரைக்கும்தான் வீடு. ரிட்டயர் ஆனதும் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே வர வேண்டியதாயிற்று. அம்மா போய் ஆறு வருஷமாகிறது. எனக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. அவருக்கென்று இருப்பது நான் ஒருத்தி, அப்புறம் அவர் நெஞ்சில் குடியிருக்கிற இளைப்பு. மலையில் மழை பிடித்தால் இளைப்பும் பிடித்துக்கொள்ளும். அதற்கு முந்தின மழைக்காலத்தில் ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் அவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். "இனிமேல் மழை நாளில் இந்தக் குளிரில் தனியாக இருக்காதீர்கள்" என்று டாக்டர் சொன்னதை அவர் என்னிடம் மூச்சு விடவில்லை. பக்கத்து வீட்டு அக்கா போன் பண்ணிச் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஆனால் அவர் மனசுக்குள் வேறு திட்டம் ஓடிக்கொண்டிருந்தது. கூட வேலை பார்த்த ஒருவர் அங்கேயே டவுனை ஒட்டி ஒரு அறை பார்த்து வைத்திருந்தார். ஜூன் முதல் வாரம் அது காலியாகும். அதுவரைக்கும் மகள் வீட்டில் "சும்மா நாலு நாள்". ஜூன் முதல் வாரம்! மலையில் மழை தொடங்குகிற வாரத்தைப் பார்த்துப் பஞ்சாங்கத்தில் குறித்த மாதிரி. நான் குதித்தேன். "பொண்ணக் கட்டிக் குடுத்த வீட்ல அப்பன் வந்து உக்காந்து தின்னா நாலு பேரு என்ன பேசுவாக?" என்றார். அந்த நாலு பேர் யார், அவர்களுடைய வீட்டில் அப்பன்கள் எல்லாம் எங்கே இருக்கிறார்கள் என்று நான் கேட்டால் பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார். இருபத்தைந்து நாள் இருந்தது என் கையில். அதற்குள் அவரை மசிய வைத்துவிடலாம் என்று நினைத்தேன்.

என் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நானும் என் வீட்டுக்காரரும் கஞ்சிக்கோட்டில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தோம், விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டோம். அவர்கள் நிலம் நீச்சு உள்ள கொங்குக் குடும்பம். நெல், தென்னை, இரண்டு கறவை மாடு. மாமனார் கல்யாணத்துக்கு முன்பே தவறிவிட்டார். மாமியார்தான் காட்டையும் மாட்டையும் மகனையும் கட்டி மேய்ப்பவர். ஆரம்பத்தில் ஒரு வருஷம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் பேசத் தொடங்கி இன்றைக்குவரை நிறுத்தவில்லை. எட்டு வயசில் எங்களுக்கு ஒரு மகள். அவள் என் பக்கமா மாமியார் பக்கமா என்பது அன்றன்றைக்கு யார் கையில் பலகாரம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

மாமியார் அப்பாவை வரவேற்றது பெரிய மனசோடுதான். அதில் குறை சொல்ல மாட்டேன். பிரச்சினை என்னவென்றால் கொங்கு நாட்டில் வீட்டுக்கு வந்தவருக்குச் சாப்பாடு போடுவது என்பது ஒரு வகைத் தண்டனை. இலையில் கொஞ்சமும் வெற்றிடம் தெரியக் கூடாது. "போதுங்க" என்று சொன்னால் அது மரியாதைக்குச் சொல்வது என்று எடுத்துக்கொண்டு இன்னொரு கரண்டி விழும். "வேண்டாங்க" என்றால் இரண்டு. எங்கள் லயத்தில் போதும் என்றால் போதும், சட்டியை மூடிவிடுவார்கள், ஏனென்றால் சட்டியிலும் அவ்வளவுதான் இருக்கும். அப்பா "போதும், போதும்" என்பார், மாமியார் "கொஞ்சூண்டுதானுங்க" என்று ஊற்றுவார். வாங்கியதை மிச்சம் வைத்து எழுந்திருக்கிற பழக்கம் அப்பாவுக்கு இல்லை. எல்லாவற்றையும் வழித்துச் சாப்பிட்டுவிட்டு என்னைத் தனியாகப் பிடித்து, "ஏட்டி, உங்க மாமியாருக்கு எம்மேல எதும் கோவமா?" என்று கேட்டார்.

அதே நாள் சாயங்காலம் மாமியார் என்னை மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் நிறுத்திக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஏனம்முணி, உங்கொப்பனுக்கு உம்மேல எதாச்சும் கோவமா? ஏட்டி ஏட்டின்னு அரட்டிக்கிட்டே இருக்கறாரு?" என்று விசாரித்தார். ஏட்டி என்பது எங்கள் பக்கத்தில் செல்லம் என்று விளக்கினேன். அவர் நம்பவில்லை. அதோடு நானும் அப்பாவை "நீ சும்மா இருப்பா, வா, போ" என்று பேசுவதைக் கேட்டு வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டார். இந்த வீட்டில் பெற்ற மகளைக்கூட "வாங்க சாமி, சாப்புடுங்க கண்ணு" என்றுதான் கொஞ்சுவார்கள். நானும் அப்பாவும் பேசிக்கொள்வதைப் பார்த்தால் நாளைக்கே பஞ்சாயத்து வைக்க வேண்டும்போல அவருக்குத் தோன்றியிருக்கும்.

அப்பாவுக்கோ அந்த 'ங்க' தாங்கவில்லை. எஸ்டேட்டில் அவர் அந்தக் குரலில் பேசியது துரையிடமும் டாக்டரிடமும்தான். "வாங்க, உக்காருங்க, தண்ணி வேணுமுங்களா" என்று ஒருத்தர் அவரிடம் சொல்லி அவர் வாழ்நாளில் கேட்டதில்லை. மாமியார் கூடத்துக்குள் வந்தால் எழுந்து நிற்பார். அவர் எழுந்து நிற்பதைப் பார்த்து மாமியார், ஏதோ தேவைப்படுகிறது போல என்று, "என்னங்கண்ணா வேணும்?" என்பார். இவர் "ஒண்ணும் இல்லைங்க சம்பந்தியம்மா" என்று உட்காருவார். ஒரு நாளைக்கு இது ஏழெட்டுத் தடவை நடக்கும். என் வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வந்து பார்த்துவிட்டு, "ஏம்புள்ள, ரெண்டு பேருக்கும் நீ டிரில் எடுக்கிறியா?" என்றார்.

இன்னொரு கூத்து, என் மகள் அவரைக் கூப்பிடும் விஷயம். மலைக்குப் போகும்போதெல்லாம் அவள் "தாத்தா" என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மாமியார் திருத்தினார். அம்மாவுடைய அப்பா என்றால் அப்புச்சி. அப்புச்சி என்றுதான் கூப்பிட வேண்டும். சரி என்று இவள் முதல் நாள் வாசலிலிருந்து, "அப்புச்சி, அப்புச்சி" என்று தொண்டை கிழியக் கத்துகிறாள். அப்பா பேப்பரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கடைசியில் எழுந்து உள்ளே வந்து என்னிடம், "ஏட்டி, புள்ள யாரையோ கூப்பிட்டுக்கிட்டே இருக்கு, அந்த ஆளு காது கேக்காதவரா?" என்றார். நான் அடுப்படியிலேயே உட்கார்ந்து சிரித்தேன். அதுதான் அந்த மாதத்தில் நான் முதல் முதலாகச் சிரித்தது.

சிரித்தேனே தவிர எனக்குள் ஒரு வெசனம் இருந்தது. அப்பா நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார். காலையில் நாலரைக்கு எழுந்து பாயையும் போர்வையையும் மடித்து, யாரும் படுக்கவே இல்லை என்கிற மாதிரி அறையைத் துடைத்து வைத்துவிடுவார். கழற்றிய துணியை உடனே துவைத்து, காய்ந்ததும் மடித்து, நேராகப் பெட்டிக்குள் வைப்பார். அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து கொடுத்தேன், அது காலியாகவே கிடந்தது. சோப்புக்கூட அவருடைய டப்பாவில் வைத்து எடுத்துப் போவார். நடுவில் ஒரே ஒரு நல்ல விஷயம், இளைப்புக்கு வாயில் வைத்து உறிஞ்சுகிற மருந்தை அவர் எடுத்து நான் பார்க்கவில்லை. பாலக்காட்டு வெயில் அவர் நெஞ்சை உலர்த்திவிட்டது. அவர் தூங்கும்போது வாசலில் நின்று மூச்சைக் கேட்பேன். சத்தமே இருக்காது. சின்ன வயசிலிருந்து எங்கள் வீட்டில் அவருடைய நெஞ்சு இழுக்கும் சத்தத்தில்தான் நான் தூங்கியிருக்கிறேன், அது இல்லாத மூச்சைக் கேட்டது அப்போதுதான்.

மே கடைசியில் ஒரு நாள் மதியம். பக்கத்துக் காட்டுக்காரம்மா கேட்டுக்கு வந்து மாமியாரை ஒரு கல்யாணத்துக்குக் கூப்பிட்டார். இரண்டு நாள் தங்கிப் போகிற கல்யாணம். மாமியாருக்குக் கல்யாணம் என்றால் உயிர். ஆனாலும், "எங்கீங்க வர்றது? ஊட்டுல ஒறம்பரை வந்திருக்குது. உட்டுப்போட்டு வர முடியுங்களா? மழை வேற வர்ற மாதிரி இருக்குது" என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஒறம்பரை என்ற அந்தச் சொல் கொங்குத் தமிழில் தினமும் புழங்குகிறது, எனக்கு இப்போது காதில் ஏறுவதுகூட இல்லை. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அப்பாவுக்கு அது புதுசு.

நாலு மணிக்கு வானம் கருத்தது. கோடை மழை, கேட்டுக்கொண்டா வரும்? சடசடவென்று கொட்டியது. நான் கொடியில் கிடந்த துணியை எடுத்துக்கொண்டு ஓடுகிறேன், அப்பா மழையில் நனைந்துகொண்டு எதிர்த்திசையில் ஓடுகிறார். கையில் மாமியார் நிலக்கடலை காயப்போடுகிற நீலத் தார்ப்பாய். நான் கத்தியது அவர் காதில் விழவில்லை.

மழை விட்டதும் மாமியார் மாட்டைப் பார்க்கப் பின்பக்கம் போனவர் அப்படியே நின்றுவிட்டார். நானும் போய்ப் பார்த்தேன். கொட்டகைக்குப் பின்னால் எங்கள் எருக்குழி. சாணியும் குப்பையும் கொட்டி மக்குவதற்காக விட்டிருக்கிற குழி. அதன்மேல் நீலத் தார்ப்பாய் விரித்து, நாலு மூலையிலும் நாலு கல் வைத்து, காற்றுக்குத் தூக்காமல் நடுவில் ஒரு பெரிய கல்லும் வைத்து, அம்சமாக மூடியிருந்தது. பக்கத்தில் அப்பா தலையிலிருந்து தண்ணீர் சொட்ட நின்றுகொண்டு, "நல்லவேளை, நனையல" என்றார்.

மாமியார் என்ன சொல்லியிருப்பார்? அந்தத் தார்ப்பாயை அவர் யாரையும் செருப்புக் காலோடு மிதிக்க விட மாட்டார். முகத்தில் ஒரு நிமிஷம் எல்லாம் ஓடியது. அப்புறம், "நல்லதுங்கண்ணா. சித்தெ உள்ள வாங்க, தலையத் தொவட்டுங்க" என்றார். அடுப்படிக்கு வந்த பிறகுதான் என்னிடம், "ஏனம்முணி, எருக்குழிக்கு எதுக்குக் கொடை?" என்று மெதுவாகக் கேட்டார். அவர் உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். மலை நாட்டில் ஏதாவது வழக்கம் இருக்குமோ என்று நினைத்திருக்கிறார்.

நான் துண்டோடு அப்பாவிடம் போனேன். என்னப்பா வேலை இது என்றேன். "நீதான் பொறுப்பில்லாம இருக்க. வீட்ல ஒரம் வந்து எறங்கியிருக்கு, விட்டுட்டு வர முடியாது, மழை வேற வருதுன்னு சம்பந்தியம்மா அந்தப் பொம்பளைட்ட அம்புட்டுக் கவலையாச் சொல்லுதாக. ஒரு கல்யாணத்துக்கே போகாம நிக்காக. நானும் மூட்டை எங்க இருக்குன்னு சுத்திச் சுத்திப் பாத்தேன். மூட்டையக் காணும். சரி, இந்தக் குழியத்தான் சொல்லுதாக போலன்னு மூடிட்டேன்" என்றார். ஒறம்பரையில் அவர் காதுக்கு விழுந்தது ஒரம். வயலுக்குப் போடுகிற உரம். எனக்கு வந்த சிரிப்பில் துண்டு கையை விட்டுப் போய்விட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறேன், கண்ணில் தண்ணீர் வருகிறது, வாயில் பேச்சு வரவில்லை. அவரும் ஏன் என்று தெரியாமல் என்னோடு சேர்ந்து சிரிக்கிறார்.

அந்த இரண்டு நிமிஷம் நான் வாயைத் திறக்க முடியாமல் போனதுதான் வினையாயிற்று. என் மகள் முந்திக்கொண்டாள். "ஒரம் இல்ல அப்புச்சி, ஒறம்பரை! ஒறம்பரைன்னா நீங்கதான்" என்றாள். அவர் புரியாமல் பார்க்கவும், பள்ளிக்கூடத்து மலையாளத்தில் தெளிவாக, "விருன்னுகாரன்" என்றாள். அதாவது விருந்தாளி. மலையாளம் அப்பாவுக்கு நன்றாகவே தெரியும். சிரித்துக்கொண்டிருந்த முகம் அப்படியே நின்றது.

"ஓ, என்னையவா?" என்றார். அவ்வளவுதான். துண்டைக் கீழேயிருந்து எடுத்து, அவரே தலையைத் துவட்டிக்கொண்டு, அறைக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். பெட்டியைத் திறந்து வைத்திருந்தார். ஏற்கெனவே அதில்தான் எல்லாம் இருந்தது, எடுத்து வைக்க ஒன்றும் இல்லை. பெட்டியைச் சும்மா பார்த்துவிட்டு மூடினார். "நாலு நாளுன்னு சொல்லி வந்து இருபத்தி மூணு நாளாச்சுட்டி. அந்தம்மாவுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போக முடியல என்னால. அவுக சரியாத்தான் சொல்லியிருக்காக. நான்தான் புரிஞ்சுக்கல" என்றார். வெள்ளிக்கிழமை காலையில் கிளம்புவது என்று அவராகவே முடிவு செய்துவிட்டார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். நேராக மாமியாரிடம் போய், "எங்கப்பாவை எப்படி அத்தை நீங்க ஒறம்பரைன்னு சொல்லலாம்?" என்று கேட்டேன். அவர் தயிர் கடைந்துகொண்டிருந்தார். கை நின்றது. "ஒறம்பரையை ஒறம்பரைன்னு சொல்லாம அப்பறம் என்னன்னு சொல்றது?" என்றார். விருந்தாளி என்று சொல்லி ஒதுக்குகிறீர்களே என்றேன். "ஆரு ஒதுக்குனாங்க? ஒறம்பரைன்னா ஒறவு அம்முணி. என்ர கூடப்பொறந்த தம்பி வந்தாலும் ஒறம்பரைன்னுதான் சொல்றேன். உன்ர மக நாளைக்கு வாக்கப்பட்டுப் போயி திரும்பி வந்தாலும் அப்படித்தான் சொல்லுவேன். நம்முளுதுன்னு இருக்கறவிகளைத்தான் அப்படிச் சொல்றது. கண்டவனையா சொல்லுவாங்க?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். அவர் முகத்தைப் பார்த்தால் அவர் ஒரு வார்த்தைகூடக் கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை என்று தெரிந்தது.

அதைக் கொண்டுபோய் அப்பாவிடம் சொன்னால், "நீ சமாதானத்துக்குச் சொல்லுத" என்றார். பேத்தி சொன்னதுதான் அவருக்கு வேதவாக்கு. என் வீட்டுக்காரரிடம் போனேன். அவர் ஒரு நடுநிலைவாதி. "ரெண்டு பேரும் பெரியவிங்க, நான் என்னத்தைச் சொல்றது?" என்று சொல்லிவிட்டு மோட்டார் போடக் கிளம்பினார். இந்த மனிதரை நம்பித்தான் நான் இந்த வீட்டுக்குள் கால் வைத்தேன்.

அந்த மூன்று நாளும் எனக்கு இதே யோசனைதான். இருவருமே பொய் சொல்லவில்லை. ஒரே சொல்லுக்குள் உறவும் இருக்கிறது, விருந்தும் இருக்கிறது, யார் எந்தப் பக்கமாகத் திறந்து நுழைகிறார்களோ அதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. எங்கள் லயத்தில் ஒரு அறை, ஒரு அடுப்படி. ஊரிலிருந்து யார் வந்தாலும் முதல் நாள் காபி கொடுத்து உட்கார வைப்போம். மறுநாள் காலையில் அவரே குடத்தைத் தூக்கிக்கொண்டு பைப்புக்குப் போய்விடுவார். மூன்றாம் நாளும் ஒருத்தரை உட்கார வைத்துப் பரிமாறினால் நீ எப்போது கிளம்புகிறாய் என்று கேட்பதாக அர்த்தம். இங்கே அப்படியே தலைகீழ். மூன்றாம் நாள் உபசாரத்தைக் குறைத்தால்தான் போகச் சொல்கிறார்கள் என்று அர்த்தம். ஆக என் மாமியார் அப்பா இருக்க வேண்டும் என்று கரண்டி கரண்டியாக ஊற்றியிருக்கிறார், அப்பா போகச் சொல்கிறார்கள் என்று கரண்டி கரண்டியாக விழுங்கியிருக்கிறார். நடுவில் இரண்டு தமிழும் தெரிந்த நான் ஒருத்தி, சிரித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். அது எனக்கு மிகவும் உறுத்தியது. என்னுடைய பத்து வருஷத்தையும் நினைத்துப் பார்த்தேன். நான் எந்த நாளில் இந்த வீட்டு ஆள் ஆனேன்? யாராவது சொன்னார்களா? ஒருத்தரும் சொல்லவில்லை. நானாகவும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி. முதல் நாளே மலையில் நல்ல மழை என்று அறை பார்த்து வைத்திருந்த அந்த நண்பர் போனில் சொல்லியிருந்தார். அப்பா ஸ்வெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு பெட்டியோடு வாசலில் நின்றார். என் வீட்டுக்காரர் பைக்கை எடுத்துவிட்டார். இனி என்ன பேசினாலும் அழுதுவிடுவேன் என்று நான் அவருடைய பையைத் தூக்கிக்கொண்டேன். மாமியார் புல்லுக்கட்டோடு காட்டுப் பக்கமிருந்து வந்தார். கட்டைக் கீழே போட்டார். சேலையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டார். "போயிட்டு வாங்க" என்று சொல்வார் என்று எல்லோரும் பார்த்தோம்.

"ஏனுங்கண்ணா, ஒண்ணு கேக்கோணும். தப்பா நெனைக்கப்படாதுங்க" என்றார். "உங்க பொண்ணு இந்த ஊட்டுக்கு வந்து பத்து வருசமாச்சுதுங்க. நீங்க ஒரு மழைக்காலம் இருக்கறதுக்கு லாயக்கில்லாத ஊடுன்னா, அவளை எந்த நம்பிக்கையிலீங்க இங்க உட்டு வெச்சிருக்கறீங்க?"

அப்பா பதறிப்போனார். "ஐயோ, நான் அப்படி நெனைக்கலைங்க சம்பந்தியம்மா" என்றார்.

"பின்ன வேற எப்படீங்க நெனைக்கறது? பெத்தவருக்கு ஆகாத ஊடு பொண்ணுக்கு மட்டும் ஆகுமுங்களா? ஒண்ணு செய்யுங்க. அவளையும் கையோட கூட்டிட்டுப் போயிருங்க. துணிமணி நானே எடுத்து வெக்கறேனுங்க. பஸ்சுக்கு நேரமிருக்குது" என்றார். குரல் கொஞ்சமும் உயரவில்லை. பைக்கை அணைத்துவிட்டு என் வீட்டுக்காரர் இறங்கி நின்றார். நான் மாமியாரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மாமியாரின் கண் கலங்கியிருந்தது. பத்து வருஷத்தில் அந்தக் கண்ணை நான் அப்படிப் பார்த்ததில்லை.

"எம்மவ இங்கன நல்லாத்தானே இருக்கா" என்றார் அப்பா. யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. அப்புறம் என் பக்கம் திரும்பினார். "நல்லாத்தானேட்டி இருக்க?"

பத்து வருஷமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் பேசுகிறோம். சாப்பாடு ஆச்சா, மழை உண்டா, பிள்ளை படிக்கிறாளா என்று கேட்பார். இந்தக் கேள்வியை அவர் கேட்டதே இல்லை. நான் விரும்பிப் போனவள், கேட்டு நான் வேறு எதையாவது சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயந்திருக்கிறார். என்னை இங்கே விருந்தாளியாக நினைத்துக்கொண்டிருந்தவர் அவர்தான். மகளுக்கே நிச்சயமில்லாத வீட்டில் தானும் போய் ஏறி உட்கார்ந்துவிடக் கூடாது என்று பெட்டியிலிருந்து ஒன்றையும் வெளியே எடுத்து வைக்காமல் இருந்திருக்கிறார். எனக்கு அப்போதுதான் புரிந்தது. அழுகையும் வந்துவிட்டது.

"நல்லாருக்கேம்ப்பா. நீ மேல போய் மழையில கெடந்தா நல்லா இருக்க மாட்டேன்" என்றேன்.

மாமியார் புல்லுக்கட்டைத் தூக்கிக்கொண்டு, இதற்கு மேல் தனக்கு இங்கே வேலையில்லை என்பதுபோலக் கொட்டகைப் பக்கம் போனார். அப்பா பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். கண்ணாடியைத் தேடி மாட்டி, நம்பரைத் தடவித் தடவிப் போட்டார். "நான்தாம்ப்பா. அந்த ரூமை வேற யாருக்காச்சும் குடுத்துரு" என்றார். ஏன் என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். அப்பா என்னைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "எம்மவ விட மாட்டேங்கா" என்றார்.